வேதவாசகமும் நாவல் உரைநடையும்: புத்தளக் கரையோரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

நாவல் என்னும் இலக்கிய வடிவம் மேனாட்டுத் தொடர்பினால் நமக்கு வாய்த்தது என்பதில் இலக்கிய வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆயின், கதையமைப்பு, அத்தியாயப் பிரிவு, பாத்திர வார்ப்பு ஆகியவை வெளியிலிருந்து பெறப்படலாம். வாக்கியம் அவ்வாறு எளிதிற் பெறப்படுவதில்லை. கதை எழுதப் புகுந்த ஒருவன், தன் இளமைக்காலந் தொட்டுக் கேட்டுப் பழகிய உரையின் ஓசையிலும் ஒழுங்கிலுமே தன் முதல் வாக்கியத்தை அமைத்துக்கொள்கின்றான். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்மகன் ஒருவன் ஊரவரோடு கூடியிருந்து செவிமடுத்த உரைநடை எது என்று வினவுவோமாயின், அதற்குரிய விடை பெரும்பாலும் சமயநூல் சார்ந்ததாகவே இருக்கும். பிரசங்கம், வேதவாசகம், கிதாபு விளக்கம், புராணத்துக்குப் பயன் சொல்லுதல் என்பனவே அக்காலத்துப் பொதுமக்கள் கூடிக் கேட்ட உரைநடை வகைகளாம்.

ஈழத்துத் தமிழ் நாவலின் தோற்றம் பற்றி ஆராய்ந்தோர் பலர். சில்லையூர் செல்வராசன் 1967இல் ஈழத்து நாவல் வளர்ச்சியைத் தொகுத்து நோக்கினார். பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ‘தமிழ் நாவல் இலக்கியம்’ நாவலின் எழுச்சியைச் சமூக மாற்றங்களோடு இணைத்து விளக்கியது. அவற்றுக்கு முன்னரே பேராசிரியர் வி. செல்வநாயகம் ‘தமிழ் உரைநடை வரலாறு’ (1957) என்னும் நூலில் உரைநடை காலந்தோறும் பெற்ற மாற்றங்களை வகுத்துக் காட்டியிருந்தார். நாவலை ஆராய்ந்தோர் அதன் சமூக அடித்தளத்தையும், உரைநடையை ஆராய்ந்தோர் அதன் பொது வளர்ச்சியையும் தெளிவுபடுத்தினர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு வினாவே இக்கட்டுரையின் பொருளாகும். வேதநூல்கள் நாவலாசிரியருக்கு வழங்கியது கோட்பாட்டை மாத்திரமா, அன்றி வாக்கிய அமைப்பையுமா? வாக்கிய அமைப்பையும் வழங்கின என்பதும், அது ஏட்டைப் படித்த கண்ணின் வழியாக அன்றிக் கூட்டத்திற் கேட்ட செவியின் வழியாகவே பெரிதும் நிகழ்ந்தது என்பதும் ஈண்டு நிறுவ முயலும் கருத்துக்களாம்.

இதற்குப் புத்தள மாவட்டக் கரையோரத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஈழத்தின் முதல் நாவல்கள் இக்கரையில் எழுதப்பட்டவையல்ல. அவை கண்டியையும் திருகோணமலையையும் யாழ்ப்பாணத்தையும் சேர்ந்தோரால் எழுதப்பட்டவை. எனினும், அந்நாவல்களை எழுதியோரின் செவியிற் படிந்திருந்த சமய உரைநடை மரபுகள் யாவும் ஒருங்கே வழங்கிய நிலம் இது. ஊற்றுக்கண்களை ஓரிடத்திற் காண விரும்புவோர்க்கு இக்கரை மிகவும் ஏற்றதாகும்.

கரையும் அதன் மாந்தரும்

தெற்கே மாஓயா கடலொடு கலக்குமிடத்திலிருந்து வடக்கே மன்னார் மாவட்ட எல்லை வரை நீண்டு கிடப்பது இக்கரை. வென்னப்புவ, மாரவில, சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி என ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன. இடையே புத்தளம் களப்பு உள்நுழைந்து கற்பிட்டிக் குடாநாட்டை நிலத்தினின்றும் பிரித்து நிற்கின்றது. மன்னார் வளைகுடாவின் எதிர்ப்புறத்தே தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரை ஆகிய துறைகள் உள்ளன. முத்தும் மீனும் உப்பும் துணியும் இவ்விரு கரைகளுக்கிடையே போய்வந்த காலத்தில் ஏடுகளும் அவற்றை ஓதும் முறைகளும் உடன்வந்தன.

இக்கரையில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் மூன்று சமயங்களைச் சார்ந்தோராவர். கத்தோலிக்கர் சிலாபத்தைச் சூழவும் கற்பிட்டிப் பகுதியிலும் வாழ்ந்தனர். கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள தலவில புனித அன்னம்மாள் ஆலயத்துக்கு மார்ச், ஆகஸ்து மாதத் திருவிழாக்களில் தமிழரும் சிங்களவரும் இன்றும் திரண்டு செல்கின்றனர். முஸ்லிம்கள் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் களப்பைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழ்கின்றனர். இந்துக்கள் உடப்பு, முன்னேசுவரம் முதலிய இடங்களிற் பழமை வாய்ந்த வழிபாட்டு மரபுகளைப் பேணிவருகின்றனர். மூன்று சமயத்தாரும் பேசியது தமிழே. ஆயினும் அவரவர் வேதத்தைக் கேட்ட முறை வேறு; அம்முறையினாற் பழகிக்கொண்ட தமிழ் வாக்கியமும் வேறு.

தமிழ் இலக்கிய வரலாற்றெழுத்துக்கு முன்னோடியாக விளங்கிய சைமன் காசிச்செட்டி (1807–1860) கற்பிட்டியிற் பிறந்தவர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. அவர் 1859இல் வெளியிட்ட ‘தமிழ் புளூராக்’, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்ந்த புலவர்களின் வரலாற்றைத் தொகுத்துரைக்கும் ஆங்கில நூலாகும். இலக்கியம் என்றால் செய்யுள் என்றே கொண்ட காலம் அது. தம்மூர்க் கோயிலிலும் பள்ளிவாசலிலும் நாள்தோறும் ஒலித்த உரைநடையை இலக்கியமாக எண்ணிப் பார்க்கும் நிலை அன்றைய கற்றோரிடம் தோன்றியிருக்கவில்லை. அந்த உரைநடையே ஒரு தலைமுறை கழிந்ததும் நாவலுக்குத் துணையாக வந்தது.

பிரசங்கம் தந்த விளி

ஒல்லாந்தர் தம் ஆட்சிப்பரப்பிற் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை விதித்திருந்த காலத்தில், கோவையிலிருந்து 1687இல் இலங்கை வந்த யோசேவாஸ் அடிகள், 1690இல் கண்டியரசனின் ஆள்புலத்திலிருந்த புத்தளத்தை அடைந்து, 1692இல் கண்டி செல்லும்வரை இப்பகுதியிற் பணியாற்றினார். அவரைத் தொடர்ந்து 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் (1676–1742) தமிழையும் சிங்களத்தையும் கசடறக் கற்று, இருமொழிகளிலும் உரைநடை நூல்கள் பல இயற்றினார். ‘வியாகுலப் பிரசங்கம்’, ‘தேவ அருள் வேத புராணம்’, ‘சுவிசேட விரித்துரை’ என்பன அவருடைய தமிழ் நூல்களுட் சில. அவர் தம் இறுதிக்காலத்தைக் கழித்து உயிர்நீத்த போலவத்த, இன்றைய புத்தள மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ளது. அச்சகம் ஒல்லாந்தர் கையிலிருந்தமையால் அவருடைய நூல்கள் கையெழுத்துப் படிகளாகவே ஊரூராகப் பரவின.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்த கிறித்தவர் இல்லத்தில் விவிலியத்தை வைத்துப் படித்தனர். கத்தோலிக்கரிடையே நிலைமை வேறாக இருந்தது. பூசை இலத்தீனில் நடந்தது. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னரே தாய்மொழி வழிபாடு பொதுவழக்காயிற்று. ஆகவே, கரையோரத்து மீனவக் குடும்பத்துக்கு வேதம் என்பது தவக்காலத்தில் ஒருவர் உரத்து வாசிக்கப் பலர் கூடியிருந்து கேட்ட பிரசங்க நூலேயாம். ஈழத்தின் தமிழ்க் கத்தோலிக்க ஊர்களில் வியாகுலப் பிரசங்கம் ஒப்பாரியின் சாயல் பொருந்திய இசையோடு வாசிக்கப்பட்டு வந்தமை யாவரும் அறிந்ததே.

காதுக்கென்று எழுதப்பட்ட இவ்வுரைநடை மூன்று இயல்புகளை உடையது. கேட்போனை நேரே விளித்து, அவனைக் காட்சிக்குள் நிறுத்துவது முதலாவது. விடை வேண்டாத வினாக்களை அடுக்கி உணர்ச்சியை உயர்த்துவது இரண்டாவது. ஒரே அமைப்புடைய சிறு வாக்கியங்களை மீண்டும் மீண்டும் கூறித் துயரைப் பெருக்குவது மூன்றாவது. தமிழின் பழைய உரையாசிரியர் நடையில் இவை அருகியே காணப்படும். உரையாசிரியர் கற்றோனை நோக்கி விளக்குவர். பிரசங்க ஆசிரியரோ கண்கலங்கி நிற்கும் கூட்டத்தை நோக்கிப் பேசுவர். இரங்கத்தக்க நிகழ்ச்சியொன்றைக் கதைசொல்வோன் இடையே நிறுத்தி, வாசகனை அழைத்து, அவன் மனத்தை வினாவி, மீண்டும் கதையைத் தொடரும் உத்தி நம் தொடக்ககால நாவல்களிற் பரவலாகக் காணப்படுவதாகும். அவ்வுத்தியை ஆங்கில நாவலிலிருந்து பெற்றனர் என்று மட்டும் கூறியமைதல் போதாது. ஆங்கில நாவலை அறியாத வாசகரும் அதனை இயல்பாக ஏற்றுக்கொண்டனர். ஏனெனில், அக்குரல் அவர்களுக்குக் கோயிலில் முன்னரே பழக்கமாகியிருந்தது.

கிதாபும் ‘இன்னும்’ என்ற சொல்லும்

முஸ்லிம் மக்களிடையே சமய அறிவு பரவுவதற்குக் கருவியாக இருந்தது அரபுத்தமிழ். தமிழோசைகளுக்கெனச் சில குறிகளைச் சேர்த்து அரபு எழுத்தால் தமிழை எழுதும் முறை அது. குர்ஆனை ஓதப் பழகிய சிறுவனும் சிறுமியும் தமிழெழுத்துக் கல்லாமலே தமிழ்நூலைப் படிக்க அது வழிசெய்தது. கீழக்கரையைச் சேர்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் இயற்றிய மார்க்க நூல்கள் இருகரை மக்களிடமும் வழங்கின. பாரசீகக் கதையொன்றைத் தழுவி அவர் 1858இல் அரபுத்தமிழில் எழுதிய ‘மதீனத்துன் நுஹாஸ்’ என்னும் உரைநடைக் கதையைத் தமிழ் நாவலின் முன்னோடி எனக் கருதுவோரும் உளர். புத்தளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியிலிருந்து அரபுக் கல்வி முறைப்பட வளர்ந்து, ஆலிம்கள் பலரை உருவாக்கிற்று.

அரபுமூலத்தைத் தமிழிற் கற்பித்த முறை சொல்லுக்குச் சொல் பொருள் கூறுவதாகும். இறைவாக்கிலே ஒரு சொல்லையும் விட்டுவிடலாகாது என்ற அச்சமே இம்முறைக்குக் காரணம். அரபு மொழியில் வாக்கியந்தோறும் முன்வந்து நிற்கும் இணைப்பிடைச்சொல்லுக்குத் தமிழில் ‘இன்னும்’ என்றும், உறுதிப்பொருள் தரும் இடைச்சொல்லுக்கு ‘நிச்சயமாக’ என்றும் நேர்ச்சொல் வைக்கப்பட்டது. தமிழின் இயல்பு இதனின் வேறானது. ‘அவன் எழுந்து, கரைக்குப் போய், வலையை இழுத்து, வீடு திரும்பினான்’ என வினையெச்சங்களைக் கோத்து இறுதியில் ஒரே முற்றில் முடிப்பது தமிழர் கதை சொல்லும் வழக்கம். கிதாபைக் கேட்டுப் பழகிய செவிக்கோ, ‘அவன் எழுந்தான், இன்னும் கரைக்குப் போனான், இன்னும் வலையை இழுத்தான்’ என்ற அமைப்பும் இயல்பாயிற்று. முன்னைய வாக்கியத்தில் நடுவிலுள்ள வினைகள் இறுதி வினைக்கு அடங்கிவிடுகின்றன. பின்னையதில் ஒவ்வொரு செயலும் தன்னளவில் நிறைவெய்தித் தனித்து நிற்கின்றது. நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாகக் காட்டிச் செல்ல வேண்டிய நாவலாசிரியனுக்கு இரண்டாவது அமைப்பின் பயன் பெரிது.

விவிலிய மொழிபெயர்ப்பிலும் இதே சிக்கல் எழுந்தது. எபிரேய மொழியிற் கதை, முற்றுவினைகள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்து நடப்பது. அதனைத் தமிழாக்கியோர் ‘அப்பொழுது’, ‘இதோ’, ‘ஆகையால்’ என்பன போன்ற சொற்களை வாக்கியத் தலைப்பில் வைத்துப் புதியதொரு நடையை உருவாக்கினர். எபிரேயமும் அரபும் ஒரே மொழிக் குடும்பத்தைச் சார்ந்தவை. ஆகவே, தம்முட் கலந்து பேசாத இரு சமயத்தாரின் மொழிபெயர்ப்புக்கள் தமிழ் வாக்கியத்தை ஒரே திசையில் வளைத்தமை வியப்புக்குரியதன்று. கற்பிட்டியின் பள்ளிவாசலில் கிதாபு கேட்டவனும் யாழ்ப்பாணத்தின் தேவாலயத்தில் வேதம் கேட்டவனும் இவ்வகையில் ஒரே வாக்கியத்தைப் பழகினர்.

பாட்டும் பயனும்

இந்துக்களிடையே வழங்கிய முறை பிறிதொன்று. புராணபடனத்தில் ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் அதற்குப் பயன் சொல்லுவார். செய்யுளில் இரண்டடியாகச் சுருங்கி நின்றதைப் பயன் சொல்லுவோர் தம் ஊர் வழக்கும் உவமையும் சேர்த்து விரித்துரைப்பர். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்து வாழ்க்கையைக் ‘கந்தபுராண கலாசாரம்’ என அழைத்தமை இப்பழக்கத்தின் ஆழத்தைக் காட்டும். புத்தளக் கரையிலே பாரதம் அவ்விடத்தைப் பெறுகின்றது. உடப்புத் திரௌபதியம்மன் ஆலயத்தில் ஆடித் திருவிழாக் காலத்தில் பாரதக் கதை நிகழ்ச்சிகள் நடத்திக் காட்டப்பட்டுத் தீமிதிப்போடு நிறைவெய்துகின்றன. கரைவலை இழுக்கும் அம்பாப் பாடலிலும், ஆலய வீதியில் நிகழும் கதையிலும் வளர்ந்த இவ்வூர் மக்களுக்குப் பாரதம் படித்தறிந்த நூலன்று. ஆண்டுதோறும் கண்டும் கேட்டும் வாழும் கதை.

பயன் சொல்லும் நடை நாவலுக்கு அளித்தது விரிவுரைக்கும் ஆற்றலாகும். ஒரு கணத்தில் நிகழ்ந்ததை நிறுத்தி, அதன் காரணத்தையும் மனநிலையையும் எடுத்துக்கூறி, மீண்டும் கதைக்குத் திரும்பும் பயிற்சியை அது கொடுத்தது. இம்மரபை அச்சுநூல் உரைநடையாக நிலைநிறுத்தியவர் ஆறுமுகநாவலர் (1822–1879). அவர் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புப் பணியிற் பல்லாண்டுகள் துணைநின்றவர். பின்னர்ப் பெரியபுராணத்தை வசனமாக 1852இல் வெளியிட்டவர். ஒரு சமயத்தின் வேதத்தைத் தமிழாக்கிய கையே மற்றொரு சமயத்தின் புராணத்தை உரைநடையாக்கியது என்பது நம் உரைநடை வரலாற்றில் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய செய்தியாம்.

முதல் நாவல்களின் சான்று

மேற்கூறிய ஊற்றுக்களை மனத்திற்கொண்டு ஈழத்தின் முதல் நாவல்களை நோக்குவோம். அவற்றை எழுதியோர் பட்டியலே ஒரு சான்றாகின்றது. 1885இல் வெளிவந்த ‘அசன்பேயுடைய கதை’யை எழுதியவர் கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணியும் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையாசிரியருமான சித்திலெவ்வை (1838–1898). 1891இல் ‘ஊசோன் பாலந்தை கதை’யை வெளியிட்டவர் திருகோணமலை எஸ். இன்னாசித்தம்பி, அவர் கிறித்தவர். 1895இல் ‘மோகனாங்கி’யை வெளியிட்ட தி. த. சரவணமுத்துப்பிள்ளையும் திருகோணமலையைச் சேர்ந்தவரே. தமிழகத்தில் 1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தந்த மாயூரம் வேதநாயகம்பிள்ளையும் கத்தோலிக்கர். புலமை மரபின் நடுவிடத்திலிருந்தோரை விட, வேதத்தை உரைநடையாகக் கேட்டுப் பழகிய சமூகத்தினர் நாவலுக்கு முதலில் வந்தமை தற்செயலாக நிகழ்ந்ததெனக் கொள்வதற்கில்லை. ஆங்கிலக் கல்வியும் அச்சும் அவர்களுக்கு வாய்ப்பளித்தன என்பது உண்மையே. ஆனால் அவ்வாய்ப்புக்கள் சைவச் சூழலிற் கற்ற பலருக்கும் கிடைத்தன. உரைநடையிற் கதை சொல்வது இழுக்கன்று என்ற மனப்பான்மை வேதம் கேட்ட செவியிடத்தே விரைவில் உருவாயிற்று.

சித்திலெவ்வையின் கதை மிசிறு தேசத்திற் பிறந்து பெற்றோரைப் பிரிந்து, பம்பாய், கல்கத்தா முதலிய நகரங்களில் வளர்ந்து பல சோதனைகளுக்குள்ளான ஒருவனின் வரலாறாகும். இளமையிற் பிரிவு, அயல்நாட்டு வாழ்வு, ஒழுக்கத்துக்கு நேரும் சோதனை, இறுதியில் உறவினரைச் சேர்தல் என்னும் இவ்வமைப்பு, குர்ஆனின் பன்னிரண்டாம் அத்தியாயமாகிய யூசுபு நபி வரலாற்றைக் கேட்டு வளர்ந்த வாசகருக்கு அந்நியமாகத் தோன்றியிராது. மேனாட்டு வீரசாகசக் கதைகளின் சாயலும் அதிலுண்டு. வெளிவடிவத்தை மேனாடு அளித்தது. அதனைத் தமிழ் முஸ்லிம் வாசகரின் நெஞ்சுக்கு அணுக்கமாக்கியது அவர்கள் அறிந்த வேதக்கதையின் அமைதியாகும்.

இன்னும் தெளிவான சான்று மங்களநாயகம் தம்பையா 1914இல் வெளியிட்ட ‘நொறுங்குண்ட இருதயம்’ என்னும் நாவலின் பெயரிலேயே கிடைக்கின்றது. அத்தொடர் தமிழ் விவிலியத்தின் 51ஆம் சங்கீதத்துச் சொல்லாட்சியின் வழிவந்தது. ‘உண்’ என்னும் துணைவினையைச் சேர்த்துச் செயப்பாட்டுப் பொருள் உணர்த்துதல் பழந்தமிழிலும் உளது. ஆயினும் அறையுண்ட, சிதறுண்ட, நொறுங்குண்ட என அதனை மிகுதியாக வழங்கித் துன்புறுவோனின் நிலையைச் சுட்டும் மொழியாக நிலைநாட்டியது தமிழ் விவிலியம். தனக்கு இழைக்கப்படுவதைத் தாங்கி நிற்கும் மாந்தரைச் சொல்ல ஏற்றது அவ்வினைவடிவம். மணவாழ்விற் பெண்ணுறும் துன்பத்தைப் பேச வந்த ஆசிரியை அதனையே தலைப்பாகக் கொண்டமை, கருத்தையும் இலக்கணத்தையும் ஒருங்கே வேதத்திலிருந்து பெற்றதற்கு எடுத்துக்காட்டாகும்.

இவ்விடத்து ஒரு மறுப்பையும் கருதுதல் வேண்டும். சமயவுரையின் செல்வாக்கு நாவலுக்கு ஊறு விளைவித்ததன்றோ என்பர் சிலர். அதில் உண்மை உண்டு. தொடக்ககால நாவல்களில் மாந்தர் தம் இயல்புக்கேற்பப் பேசாது பிரசங்கம் செய்கின்றனர். நல்லோர் நலமுற, தீயோர் அழிய, கதை அறவுரையாகச் சுருங்குகின்றது. ஆனால் இக்குறை வேதத்தின் பீடத்திலிருந்து வந்ததேயன்றி அதன் வாக்கியத்திலிருந்து வந்ததன்று. போதகனின் இருக்கையைத் துறந்து அவனுடைய செவியை மட்டும் கைக்கொண்ட எழுத்தாளரிடத்து வேதநடை சிறந்த பயனைத் தந்துள்ளது.

பிறமொழியும் பிறகரையும்

இது தமிழுக்கு மட்டும் உரிய நிலையன்று. 1534இல் நிறைவுற்ற லூதரின் விவிலியம் செர்மானிய உரைநடைக்கும், 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியம் ஆங்கில உரைநடைக்கும் செய்த உதவி பலராலும் விதந்துரைக்கப்பட்டதே. ஆங்கில நாவலின் முன்னோடியாகக் கொள்ளப்படும் பனியனின் ‘மோட்சப் பிரயாணம்’ (1678) எழுதியவர், பெருங்கல்வி பெறாது வேதநூலிலேயே தோய்ந்த ஓர் எளிய கலஞ்சீர் தொழிலாளர். அண்மையில் நம் நாட்டிலேயே மாட்டின் விக்கிரமசிங்க, தம் கதைக்கலைக்குப் பௌத்த சாதகக் கதைகளின் துணையை வெளிப்படையாகப் போற்றினார். சாதகக் கதைகளையும் உருசிய நாவலையும் ஒப்புநோக்கி 1957இல் ஒரு நூலும் வெளியிட்டார். 1944இல் அவர் எழுதிய ‘கம்பெரலிய’வின் அடக்கமான நடை, விகாரையிற் சாதகம் கேட்டு வளர்ந்த சமூகத்தின் நடையோடு உறவுடையதாகும். சிங்களத் திறனாய்வாளர் இவ்வுறவை ஆராய்ந்த அளவுக்கு நாம் நம் வேதநடையை ஆராய்ந்திலோம்.

தென்தமிழகத்தின் கரையோரங்களிலும் பயனுள்ள சான்றுகள் உள. தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988), பள்ளிவாசலைச் சூழ்ந்த மக்களின் அரபுகலந்த தமிழைக் கதையின் உயிர்மொழியாக்கியது. மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரை மீனவரைப் பாடும் ஜோ டி குருஸின் ‘ஆழிசூழ் உலகு’ (2004), கத்தோலிக்க வழிபாட்டுச் சொற்களையும் கடற்றொழிற் சொற்களையும் ஒரே மூச்சிற் பேசும் மாந்தரை நம்முன் நிறுத்தியது. இருவரும் போதனை செய்யவில்லை; போதனை கேட்டு வாழ்ந்தோரின் நாவைப் பதிந்தனர். புத்தளக் கரையின் மாந்தரும் அத்தகைய நாவை உடையோரே.

அருகிவரும் செவிச்செல்வம்

ஆயின் அந்நா எவ்வளவு காலம் நிலைக்கும் என்பது கவலைக்குரிய வினாவாகும். சிலாபத்தைச் சூழவும் அதற்குத் தெற்கிலும் வாழ்ந்த கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் பலவற்றில் இருபதாம் நூற்றாண்டினூடே தமிழ் படிப்படியாகப் பின்வாங்கிச் சிங்களம் வீட்டுமொழியாயிற்று. பாடசாலை மொழி, திருச்சபை மொழி, அரசகரும மொழி ஆகிய மூன்றும் அம்மாற்றத்துக்குத் துணைபோயின. கொன்சால்வெஸ் அடிகளின் சிங்கள நூல்கள் அதனால் வாழ்வுபெற்றன. 1940 முதல் 1972 வரை சிலாப மறைமாவட்ட ஆயராக விளங்கிய எட்மன்ட் பீரிஸ் ஆண்டகை போன்ற அறிஞர் அவற்றை ஆராய்ந்து விளக்கினர். அவ்வடிகளின் ஒன்பது பிரசங்கங்களைச் சார்ந்த சிங்களப் ‘பசன்’ மரபும் இக்கரையில் வேரூன்றியது. ஆனால் அவர் உயிர்நீத்த நிலத்திலே அவருடைய தமிழைக் கேட்டு உருகத்தக்க செவிகள் அருகிவிட்டன. ஒரே ஆசிரியரின் இருமொழி உரைநடையுள் ஒன்று வாழ, மற்றொன்று தன் நிலத்திலேயே அந்நியமாயிற்று.

அரபுத்தமிழின் நிலையும் இதனின் வேறன்று. 1929இல் முதற்பகுதி வெளிவந்து 1949இல் முழுமைபெற்ற அ. கா. அப்துல் ஹமீது பாகவியின் குர்ஆன் மொழிபெயர்ப்பும், அதனைத் தொடர்ந்த பிற தமிழாக்கங்களும் தமிழெழுத்திலேயே அமைந்தமையால், அரபெழுத்தாலான பழைய கிதாபுகளைப் படிக்கும் பயிற்சி தளர்ந்தது. பழைய ஏடுகள் வீட்டுப் பெட்டிகளிற் கிடந்து செல்லரிக்கின்றன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெரும்பகுதியினர் இம்மாவட்டத்திற் குடியேறியமையால், மன்னார், யாழ்ப்பாண முஸ்லிம்களின் பேச்சும் ஓதல் மரபும் இக்கரையில் வந்து கலந்தன. இழப்பினால் நேர்ந்த அக்கலப்பும் பதிவு செய்யப்பட வேண்டியதொன்றாம். ஒரு தலைமுறை கடந்தால் எது எவ்வூர் வழக்கு என்று பிரித்தறிய இயலாதுபோகும்.

இந்நிலையிற் பல்கலைக்கழக மாணவருக்கும் ஆசிரியருக்கும் உரிய கடமைகள் சில உள. தவக்காலப் பிரசங்க வாசிப்பையும், கிதாபு விளக்கத்தையும், பாரதக் கதை நிகழ்ச்சியையும் ஓதுவோர் வாயிலாக ஒலிப்பதிவு செய்து எழுத்திற் பெயர்த்தல் முதற்பணி. அரபுத்தமிழ் ஏடுகளைத் தமிழெழுத்திற் பெயர்க்கும்போது, அவற்றின் வாக்கிய அமைப்பைத் திருத்தாது உள்ளவாறே பேணுதல் இரண்டாவது. ‘இன்னும்’ என்ற சொல்லைப் பிழையெனக் கருதி நீக்கும் பதிப்பாசிரியர், நாம் தேடும் சான்றையே அழித்துவிடுகின்றார். தொடக்ககால நாவல்களின் வாக்கியங்களை வினையெச்சத் தொடர், முற்றுத் தொடர், விளி, வினா என வகைப்படுத்தி எண்ணிக் கணக்கிட்டு, அவ்வச் சமய உரைநடையோடு ஒப்பிடுதல் மூன்றாவது. இங்குக் கூறப்பட்ட கருத்துக்கள் அத்தகைய கணக்கீட்டாலேயே உறுதிப்படவோ திருத்தம் பெறவோ வேண்டும்.

தமிழ் நாவலின் வரலாற்றை எழுதுவோர் அச்சுக்கூடத்திலிருந்தும் ஆங்கிலப் பாடசாலையிலிருந்தும் தொடங்குவது முறையே. அவற்றோடு, மூப்பரின் வாசிப்பைக் கேட்டிருந்த சிலாபத்து மீனவரும், லெப்பையிடம் ஓதிய புத்தளத்துச் சிறுமியும், பாரதக் கதைக்கு விழித்திருந்த உடப்பு மக்களும் அவ்வரலாற்றில் இடம்பெறல் வேண்டும். அவர்கள் நாவல் எழுதியவரல்லர். ஆயினும் நாவலாசிரியன் எடுத்தாண்ட வாக்கியத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தம் செவியிற் காத்து வந்தோர் அவர்களே.